மூலை மங்கினால் லென்ஸ்தான் காரணமா? வைட் லென்ஸ் கேள்வி-பதில்

புதிய 16-35 மி.மீ. லென்ஸில் வலது கீழ்மூலை மட்டும் மங்குகிறது. மாற்றித் தரச்சொல்லிக் கேட்கும் முன் எப்படிச் சோதிப்பது? (நாகர்கோவில்)

செங்கல் சுவரில் சோதிக்காதீர்கள். கேமரா சுவருக்குச் சற்றே சாய்ந்து நின்றாலும் ஒரு பக்கம் மங்கும். தவிர, கிட்டத்தில் கூர்மையான லென்ஸ் தூரத்திலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நிலக்காட்சிக்கு வாங்கிய லென்ஸைத் தூரத்துப் பொருளில்தான் பார்க்க வேண்டும். கன்னியாகுமரிக் கரையிலிருந்து தெரியும் 133 அடி வள்ளுவர் சிலை இதற்குத் தோதானது.

வெயில் ஏறுமுன் ட்ரைபாடில் கேமராவைப் பூட்டுங்கள். ஸ்டெபிலைசரை (நடுக்கம் குறைக்கும் அமைப்பு) அணைத்து, ஜூம் 16 மி.மீ., ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, 2 விநாடி டைமர், அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) முழுத் திறப்பில் வையுங்கள். சிலையை நடுவில் நிறுத்தி, லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றுங்கள். இனி ஃபோகஸ் வளையத்தைத் தொடக்கூடாது. கேமராவைத் திருப்பிச் சிலையை நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய், மூலைக்கு மூன்று படம் எடுங்கள். கணினியில் 100 சதவீத அளவில் பீடத்தின் விளிம்பையும் தோள் கோட்டையும் ஒப்பிடுங்கள்.

நான்கும் ஒரே அளவில் மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் குழைந்து, எதிர்மூலை தெளிவாக இருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. இதையே 24, 35 மி.மீ.யிலும் செய்யுங்கள், சில ஜூம்களில் ஒரு முனையில் மட்டுமே குறை தெரியும். அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப்/8 வைத்தும் வித்தியாசம் நீடித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். முழுத் திறப்பில் மட்டும் இலேசாக இருந்தால் நிலக்காட்சிக்கு நட்டம் ஒன்றுமில்லை.

எனக்கு நான்கு மூலையும் மங்கல். எஃப்/22 வைத்தால் சரியாகுமா? (குளச்சல்)

ஆகாது. மிகச் சிறிய துளையில் நுழையும் ஒளி சிதறிப் பரவும் விளிம்பு விளைவால் எஃப்/22-ல் ஒரு புள்ளி ஒளி சுமார் 0.03 மி.மீ. வட்டமாகப் பரவும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் (36×24 மி.மீ. சென்சார்) ஒரு பிக்சல் 0.006 மி.மீ.தான். மூலையைக் காப்பாற்றப் போய் நடுவையும் இழப்பீர்கள்.

முதலில் ஒரு மூலையிலேயே ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். மூலை தெளிந்து நடு மங்கினால், லென்ஸின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கிறது. அதற்கு எஃப்/8 அல்லது 11 வைத்து, நடுவுக்கும் மூலைக்கும் இடைப்பட்ட ஒரு பொருளில் ஃபோகஸ் செய்தால் போதும். மூலையில் ஃபோகஸ் செய்தும் தெளியாவிட்டால் அதன் திறமை அவ்வளவுதான்.

16 மி.மீ., எஃப்/8-க்கு ஹைபர்ஃபோகல் (தொடுவானம்வரை கூர்மை கிடைக்க ஃபோகஸ் செய்யவேண்டிய மிகக் கிட்டிய தூரம்) 1.1 மீட்டர் என்கிறது ஆப். அப்படியே வைத்தேன், முட்டம் பாறை கூர்மை, தொடுவானம் மங்கல். (தக்கலை)

ஆப் கணக்கில் பிழை இல்லை, அதன் அளவுகோல்தான் தளர்வு. 0.03 மி.மீ. மங்கலைக் "கூர்மை" என்று அது ஏற்றுக்கொள்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் அது ஐந்து பிக்சல். சிறிய பிரிண்டுக்குப் போதும், பெரிய திரைக்குப் போதாது. பாதியாக 0.015 வைத்துக் கணக்கிட்டால் 2.1 மீட்டர் வரும். அங்கே ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளியும். பாறை அதைவிடக் கிட்டத்தில் என்றால் பாறைக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்து இணைத்துவிடுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலப் படத்தில் மூலையில் உள்ள மரம் இழுபட்டதுபோல் இருக்கிறதே? (மார்த்தாண்டம்)

குறை அல்ல, கோணத்தின் கணக்கு. ஃபுல் ஃப்ரேமில் 16 மி.மீ.யின் கடைக்கோடி மூலையில் உருவம் குறுக்குவாட்டைவிட வெளிப்புறமாகச் சுமார் 1.7 மடங்கு நீளும். நுணுக்கமான இலைகளை மூலையில் வைக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழி காற்றாலைகள் காலையில் தெளிவு, மதியம் படத்தின் நடுவில்கூட மங்கல். (தோவாளை)

சூடான தரையிலிருந்து எழும் காற்று அலைகிறது. எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. ட்ரைபாடின் நடுத்தண்டை இறக்கி, ஷட்டரை 1/500-க்கு மேல் வைத்தால் பலத்த காற்றின் நடுக்கம் மட்டும் குறையும். முட்டம், குளச்சல் பக்கம் போய்வந்த லென்ஸானால் முன்கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கீறிவிடும். ஊதுபந்தால் ஊதி, லென்ஸ் திரவம் நனைத்த துணியால் மெல்ல ஒற்றியெடுத்து, பிறகு துடையுங்கள்.