ஏஐ எழுதிய ஆவணத்தை ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு அனுப்புவதில் என்ன தவறு?

கேள்வி: எனக்கு நிரல் எழுத அவ்வளவாக வராது. ஓப்பன் சோர்ஸில் (யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த நிரல்கள்) நுழைய ஆவணத்திலிருந்து (நிரலைப் பயன்படுத்தும் விதத்தைச் சொல்லும் பக்கங்கள்) தொடங்கு என்றார்கள். ஒரு திட்டத்தின் ரீட்மீயை (முதலில் படிக்க வைக்கும் அறிமுகக் கோப்பு) சாட்ஜிபிடியிடம் கொடுத்து விரிவாக எழுதி வாங்கி அனுப்பினேன். ஒரே வரியில் நன்றி சொல்லி, சேர்க்காமல் மூடிவிட்டார்கள். இதில் என்ன தவறு?

முதன்முதலாக அனுப்பியதை மூடிவிட்டால் மனது எவ்வளவு சங்கடப்படும் என்று தெரியும். ஆனால் நான் மூடுகிற பக்கத்தில் இருப்பவன். மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் வேலை. இரவிலும் வார இறுதியிலும் ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் நிரலைப் பராமரிக்கும் மூவரில் ஒருவன். வெப்பநிலை பார்க்கும் கருவிகளிலிருந்து சீரியல் போர்ட் (கருவியைக் கணினியோடு இணைக்கும் வாய்) வழியாக அளவுகளை எடுத்துக் கணினியில் பதிந்து வைக்கும் நிரல் அது. குளிர்கிடங்கு வைத்திருப்பவர்கள்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

சென்ற ஆண்டு எங்களுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு அனுப்புவது) வந்தது. செட்டிங்ஸ் பக்கம் முழுவதையும் ஒருவர் புதிதாக எழுதியிருந்தார். எங்கள் பழைய பக்கத்தில் பத்து வரிதான் இருந்தது. இதில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் விளக்கம், எடுத்துக்காட்டு, அட்டவணை எல்லாம் இருந்தன, ஆங்கிலமும் பிசிறில்லை. இரவு பதினொன்றரை மணி. படித்தேன், சந்தோஷப்பட்டேன், மெர்ஜ் செய்தேன், அதாவது திட்டத்தில் சேர்த்துவிட்டேன்.

அதில் ஒரு வரி: தொடர்பு அறுந்தால் மறுபடி முயல்வதற்கு முன் காத்திருக்கும் நேரம், மில்லிவிநாடியில், 5000 என்று வைப்பது நல்லது. எங்கள் நிரல் அந்த எண்ணை விநாடியாக எடுத்துக்கொள்ளும். மில்லிவிநாடியில் கேட்கும் நிரல்கள் நிறைய உண்டு என்பதால் ஏஐ அப்படியே ஊகித்துவிட்டது. பிறை நகரில் மீன் குளிர்கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் அதை நம்பி 5000 என்று போட்டார். ஒரு நாள் இரவு கேபிள் கொஞ்சம் தளர்ந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. ஐந்து விநாடியில் எழ வேண்டிய நிரல் 83 நிமிடம் சும்மா காத்திருந்தது. மீன் கெடவில்லை. ஆனால் பதிவில் 83 நிமிடம் வெறுமை. சரக்கு வாங்குபவருக்கு அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் போன் செய்து, "அண்ணே, நீங்க எழுதி வச்சதத்தானே போட்டேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அனுப்பியவரிடம் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஏஐ சொன்னது, ஓட்டிப் பார்க்கவில்லை என்றார். நானும் ஓட்டிப் பார்க்கவில்லை. மெர்ஜ் செய்தது நான், ஆகவே பொறுப்பு என்னுடையது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

நிரலில் தவறு செய்தால் பிடிக்க ஏதாவது ஒன்று இருக்கிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நிறுத்தும், சோதனைக்காக எழுதி வைத்த டெஸ்ட் தோற்கும், குறைந்தபட்சம் ஓட்டும்போதாவது விழும். ஆவணத்தில் எழுதிய பொய்க்கு எந்த டெஸ்ட்டும் தோற்காது. படிக்கிறவர் அதன்படி செய்து அடிபடும்போதுதான் தெரியும். அதுவும் ஆவணத்தை யார் படிக்கிறார்கள்? விஷயம் தெரியாதவர்கள். எது தவறு என்று கண்டுபிடிக்க முடியாதவர்களுக்காகவே எழுதப்படுவது அது. எழுதியவர் செய்து பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் ஒவ்வொரு கட்டளையையும் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டுகிறார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். ஏஐ மாடல்கள் "ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ" என்று பைத்தான் நிரல்மொழிக்கான ஒரு பேக்கேஜை (நிறுவிப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) நிறுவச் சொல்லிக்கொண்டே இருந்தன. அப்போது அந்தப் பெயரில் பேக்கேஜே கிடையாது, உண்மையான கருவி வேறு பெயரில் இருக்கிறது. ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதே பெயரில் வெறும் பேக்கேஜ் ஒன்றைப் பதிவேற்றி வைத்தார். 2024இல் அவர் வெளியிட்ட விவரப்படி மூன்று மாதத்தில் 30,000 தடவைக்கு மேல் அது இறக்கப்பட்டது. ஒரு பெரிய நிறுவனத்தின் ஆய்வுத் திட்ட ரீட்மீயிலேயே அந்த வரி ஏறியிருந்தது. அவர் நல்லவர், உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. வேறொருவர் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ரீட்மீயில் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான்.

இதனால்தான் திட்டங்கள் விதி போடுகின்றன. ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டம் 2024 ஏப்ரலில் ஏஐ உதவியோடு உருவாக்கிய எந்த உள்ளடக்கமும் வேண்டாம் என்று முடிவெடுத்தது. "எந்த உள்ளடக்கமும்" என்றால் ஆவணமும் சேர்த்திதான். பதிப்புரிமை, தரம், நெறி என்று மூன்று காரணம் சொன்னார்கள். அடுத்த மாதம் நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத் திட்டம், ஏஐ எழுதிய நிரலை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் பெறாமல் சேர்க்கக்கூடாது என்றது. ஃபெடோரா என்ற லினக்ஸ் திட்டம் 2025 அக்டோபரில் வேறு வழி எடுத்தது: பயன்படுத்துங்கள், ஆனால் பயன்படுத்தியதைச் சொல்லுங்கள், அனுப்புவதற்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது. என் மனது ஃபெடோரா பக்கம். ஆனால் எங்களைப் போல மூன்று பேர் மட்டும் இருக்கும் திட்டத்துக்கு ஜென்டூவின் கதவடைப்பும் நியாயமாகவே படுகிறது. நீங்கள் அனுப்பிய திட்டத்தின் விதி என்ன என்று முதலில் பாருங்கள்.

ஏஐ வருவதற்கு முன்பே ஆவணத்துக்கு இந்தச் சிரமம் இருந்தது. ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்பது ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிப்பவர்களுக்குப் பரிசு தரும் அக்டோபர் மாத நிகழ்வு. 2020இல் அதன் டி-சட்டைக்காக ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றி ஆயிரக்கணக்கானோர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார்கள். விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று அதை நடத்துபவர்கள் அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அன்று வந்தவை ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இன்று வருபவை பார்க்க நன்றாக இருக்கின்றன. ஒரு நிமிடத்தில் எழுதியதைச் சரிபார்க்க எனக்கு ஒரு மாலை முழுதும் போகிறது. உங்களுடையதை ஒரே வரியில் மூடியவருக்கும் அந்த மாலை கிடைத்திருக்காது.

சரி, நிரல் தெரியாத நீங்கள் என்னதான் தருவது? எங்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: உங்களுக்கு இது புதிது.

பட்டர்வொர்த் பக்கமிருந்து பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தங்கச்சி உதவி செய்ய வந்தார். கேள்வியும் உங்களுடையதேதான். ஏஐயை மூடிவைத்துவிட்டு எங்கள் ஆவணத்தை மட்டும் பார்த்து நிறுவச் சொன்னேன். ஜார்ஜ்டவுனில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தொடங்கினார். இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டார். "கருவியை இணைக்கவும்" என்று எழுதியிருந்தோம். அவர் இணைத்தார். விண்டோஸ் மஞ்சள் முக்கோணம் காட்டியது. அவர் கையில் இருந்த யுஎஸ்பி கேபிளுக்குத் தனியாக டிரைவர் (கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் சிறு நிரல்) வேண்டும். நாங்கள் மூவரும் லினக்ஸ்காரர்கள். அங்கே அந்த டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வந்துவிடுவதால் ஆறு வருடமாக அந்தப் படி எங்கள் கண்ணிலேயே படவில்லை. "என் தப்பா அண்ணா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை பேர் இதே இடத்தில், தங்கள் தப்பு என்று நினைத்துத் திரும்பிப் போயிருப்பார்கள்!

அவர் எழுதியது நான்கு வரி. எந்த டிரைவர், எங்கே கிடைக்கும், காம் போர்ட் எண்ணை (கருவி இணைந்த போர்ட்டுக்கு விண்டோஸ் தரும் எண்) எங்கே பார்ப்பது, மஞ்சள் முக்கோணம் வந்தால் என்ன செய்வது. அந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்ததிலேயே பயனுள்ள பங்களிப்பு அது. ஏஐயிடம் எங்கள் ரீட்மீயைக் கொடுத்திருந்தால் "கருவியை இணைக்கவும்" என்பதை மூன்று அழகான வாக்கியங்களாக விரித்திருக்கும். அதற்கு மஞ்சள் முக்கோணம் வருவதில்லையே.

ஆங்கிலம் சரியாக வராது, அதனால்தான் ஏஐ என்கிறீர்களா? தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கூச்சம் உண்டு, எனக்கும் இருந்தது. செய்து பார்த்ததை உங்கள் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், இலக்கணத்தை மட்டும் ஏஐ திருத்தட்டும், திருத்தியதை நீங்கள் மறுபடி படித்து, பொருள் மாறவில்லை என்று பாருங்கள். திட்டத்தின் விதி இடம் கொடுத்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அனுப்புங்கள். அந்தத் தங்கச்சியும் அப்படித்தான் செய்தார்.

தமிழில் மொழிபெயர்த்து அனுப்பலாம் என்று நினைத்தால் இன்னும் கவனம் வேண்டும். எங்களுக்கு வந்த ஒரு தமிழ் ஆவணத்தில் சீரியல் போர்ட் முழுக்க "தொடர் துறைமுகம்" ஆகியிருந்தது. தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு உதவ வந்த பக்கம் அவரைத்தான் முதலில் குழப்பும். தமிழுக்கு இந்த அனுபவம் பழையது. 2009, 2010இல் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியையும் கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்களையும் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவில் ஆங்கிலக் கட்டுரைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. எண்ணிக்கை ஏறியது. நடை இயந்திரத்தனமாக இருந்தது. தமிழ் விக்கிப்பீடியர்கள் குறைகளை எடுத்துச் சொல்லி, 2010 விக்கிமேனியா மாநாட்டிலும் அதை ஆய்வுரையாக வைத்தார்கள். திருத்தும் வேலை தன்னார்வலர்கள் தலையில்தான் விழுந்தது.

ஆகவே இந்த வாரம் இப்படிச் செய்து பாருங்கள். அதே திட்டத்தை உங்கள் கணினியில் அவர்களுடைய ஆவணத்தை மட்டும் பார்த்து நிறுவுங்கள். எங்கே நின்றீர்கள், திரையில் என்ன வந்தது, எந்த விண்டோஸ் அல்லது லினக்ஸ், எப்படித் தாண்டினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாண்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை, அதையே இஷ்யூவாக (திட்டத்தின் பக்கத்தில் பதியும் குறைக் குறிப்பு) எழுதுங்கள். முன்பு அனுப்பியது ஏஐ எழுதியது என்பதையும் அதில் சொல்லிவிடுங்கள். மூடியவரே வந்து பதில் எழுதுவார் என்று நினைக்கிறேன், எனக்கு அப்படி ஒன்று வந்தால் அன்றிரவே எழுதுவேன்.