காலில் அசிங்கமாகத் தெரியும் நரம்புகளை லேசரில் எடுத்துவிடலாமா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

எடுக்கலாம். ஆனால் ஸ்கேன் பார்க்காமல் லேசர் வைக்கிறேன் என்று சொல்லும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். நான் இடது காலுக்குச் செய்துகொண்டவள்.

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நின்றே ஓடும் பிழைப்பு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் தளத்திலும் ஸ்டூல் இருக்கிறது, முகூர்த்த மாதத்தில் அதில் யாரும் உட்கார்ந்துதான் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலில் தெரிவதில் இரண்டு வகை உண்டு. நூல் மாதிரி மெல்லிசாகச் சிவப்பிலோ ஊதாவிலோ படர்ந்திருப்பது ஒன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான் இருக்கும். இன்னொன்று, நின்றால் புடைத்துக்கொண்டு வளைந்து நெளிந்து தெரிவது. இதைத்தான் வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். எனக்கு இரண்டும் இருந்தன. கணுக்கால் பக்கம் இருந்த ஊதாக் கோடுகள் பார்க்க நன்றாக இல்லை என்றுதான் டாக்டரிடமே போனேன். சாயங்காலமானால் கால் கனக்கும், ஆனால் நிற்கிற வேலைக்கு அது சகஜம் என்று விட்டிருந்தேன்.

ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்கவைத்தே எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்த பெண் கெண்டைக்காலை ஒரு பிடி பிடித்து அமுக்கினார், மெஷினில் ‘உஷ்’ என்று ஒரு சத்தம். கையை விட்டதும் சத்தம் அடங்கியிருக்க வேண்டும். எனக்கு இன்னொரு ‘உஷ்’ நீளமாகக் கேட்டது. “பாத்தீங்களாக்கா, ஏறின ரத்தம் திரும்ப இறங்குது” என்றார். இந்தப் பின்னோட்டம் அரை விநாடிக்கு மேல் போனால், ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் வால்வு பழுது என்று கணக்கு. கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை உள்பக்கமாக ஓடும் பெரிய ரத்தக்குழாயில்தான் கசிவு. அதை விட்டுவிட்டுக் கீழே தெரியும் கோடுகளை மட்டும் அழித்தால் அவை திரும்ப முளைக்கும் என்றார் டாக்டர்.

இதற்குச் செய்வது உள்ளே வைக்கும் லேசர். மரத்துப்போக ஊசி போட்டு, முழங்கால் அருகே சின்னத் துளை வழியாக லேசர் ஒளியைக் கொண்டுபோகும் மெல்லிய ஃபைபரை (இழையை) ரத்தக்குழாய்க்குள் விட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே வரை கொண்டுபோகிறார்கள். அப்புறம் ஃபைபரை மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டே வருவார்கள். உள்ளே படும் சூட்டில் குழாய் சுருங்கி மூடிக்கொள்ளும். எனக்கு வலித்தது லேசர் இல்லை. குழாயைச் சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த நீரை நிரப்ப, தொடை நெடுகப் போட்ட ஊசிகள்தான். அந்த நீர் சுற்றியிருக்கும் சதையைச் சூட்டிலிருந்து காப்பாற்றுகிறது, அதனால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

“அதைப் பொசுக்கிட்டா ரத்தம் எந்த வழியா போகும்?” என்று என் மாமியார் கவலைப்பட்டார். நியாயமான கேள்வி. காலின் ரத்தத்தில் பெரும்பகுதி ஆழத்தில் இருக்கும் குழாய்கள் வழியாகத்தான் மேலே போகிறது. அவை அடைப்பில்லாமல் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இதை மூடுகிறார்கள்.

முடிந்த கையோடு நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். தொடையில் நீலம் பாரித்திருந்தது. ஒரு வாரம் போனதும் காலை நீட்டினால் உள்பக்கம் கயிறு கட்டி இழுப்பது போல இருந்தது, அதுவும் போகப்போகச் சரியானது. உண்மையான சோதனை, அதற்குப் பிறகு போடச் சொல்லும், காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்தான். திருநெல்வேலி வெயிலில் அதை மாட்டுவதற்குள் ஒரு குளியலே ஆகிவிடும். ஒரு டிப்ஸ்: விரல் பக்கம் திறந்திருக்கும் ஸ்டாக்கிங்காக வாங்குங்கள். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு மேலே ஸ்டாக்கிங்கை ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு கவரை விரல் பக்கமாக உருவிவிடலாம்.

உங்களுக்கு மெல்லிய கோடுகள் மட்டும்தான், உள்ளே கசிவில்லை என்றால் கதையே வேறு. அதற்குத் தோலின் மேலிருந்து அடிக்கும் லேசர் இருக்கிறது. ஆனால் காலில் பெரும்பாலும் முதலில் கை கொடுப்பது ஊசிதான். மருந்தை அந்தக் கோட்டுக்குள்ளேயே செலுத்தி அதை ஒட்டவைப்பார்கள். நம் தோல் நிறத்துக்கு லேசர் என்றால் 1064 நானோமீட்டர் வகையா என்று கேளுங்கள். அலைநீளம் குறைந்தவற்றை நம் தோலின் நிறமியே உறிஞ்சிக்கொள்ளும், கோடு போய்த் தழும்பு வந்த கதையாகிவிடும். ஊசியிலும் பழுப்புக் கறை வரலாம். என் கணுக்காலில் வந்தது, மங்க மாதக்கணக்கில் ஆனது.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஃபைபர் ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டியது, உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீட்டில் அழகுக்காகச் செய்வதற்குப் பணம் கிடைக்காது. வெரிகோஸுக்கும் பல பாலிசிகளில் 2 வருடக் காத்திருப்பு உண்டு. தனியார் செலவு கட்டுப்படியாகாது என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

கர்ப்பமாக இருந்தால் இப்போது எதுவும் வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகு தானாகவே கொஞ்சம் வற்றும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், லேசர் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

என் வலது காலிலும் லேசாகப் புடைக்க ஆரம்பித்திருக்கிறது. ஸ்கேனில் கசிவு இன்னும் இல்லை என்பதால் டாக்டர் அதைத் தொடவில்லை. வேலை நேரத்தில் ஸ்டாக்கிங் மட்டும் போட்டுக்கொள்கிறேன்.