செத்தவீட்டில் நீட்டுகிற பேப்பரில் கையெழுத்து வைக்க வேண்டாம்

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்று இரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். நீங்கள் கனடாவுக்கு வந்து எட்டு மாதம். அக்காவின் கணவர் ஓடிய காரை, ஒன்ராறியோ மாகாணத்துப் பிராம்ப்டனில் ஒரு சந்தியில், சிவப்பு விளக்கை மீறி வந்த இன்னொரு கார் அடித்து, அவர் இறந்துவிட்டார். இரண்டு சின்னப் பிள்ளைகள். அத்தானின் அம்மா வவுனியாவில். அக்கா சட்டப்படி என்ன செய்யலாம், வழக்குப் போட்டால் உங்கள் குடியுரிமைப் பேப்பருக்குப் பிழை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்தக் கொம்பனியில் கார் இன்சூரன்ஸ் மலிவு, பனியில் ஓடப் பழகுவது எப்படி என்றும். கடைசி இரண்டுக்கும் பதில் சொல்ல இந்த ஊரில் ஆயிரம் நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் விட்டுவிடுகிறேன். பேப்பர் விஷயத்தில் பயப்படவே வேண்டாம். நட்டஈட்டு வழக்குப் போடுவதற்கும் குடிவரவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்தப் பயத்தைக் கிளப்பி விடுகிறவர்கள் நம் ஆட்கள்தான்.

இனி முக்கியமான விஷயம். முதல் இரண்டு மூன்று கிழமைக்கு அக்கா எந்தப் பேப்பரிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1998 மாசியில் என் தங்கையின் கணவர் 401 நெடுஞ்சாலையில் இறந்தபோது நாங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்தோம். நான் வந்து அப்போது ஐந்து வருடம். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட், இரவில் பிளாஸ்டிக் தொழிற்சாலை வேலை. வீட்டில் ஓரளவு இங்கிலிஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'ஓரளவு' என்றால், வேலையிடத்தில் திட்டுவது விளங்கும் அளவு. அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி, பொலிஸ், இன்சூரன்ஸ் எல்லாருக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

மூன்றாம் நாள் மற்ற ஓட்டுநரின் இன்சூரன்ஸிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனுசன், தங்கைக்கு ஆறுதல் எல்லாம் சொன்னார். சின்ன ரெக்கோடர் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "அன்றைக்கு அவர் எப்படி இருந்தார்?" என்று கேட்டார். தங்கை அழுதுகொண்டே, "இரவு வேலை முடிச்சு நித்திரை கொள்ளாமல்தான் அடுத்த வேலைக்குப் போனவர்" என்றாள். நான் அதை அப்படியே இங்கிலிஷில் சொன்னேன். அவள் சொன்னது தன் மனுசன் குடும்பத்துக்காக எப்படி உழைத்தான் என்பதை. ஒரு வருடம் கழித்து அது ஃபைலில் வேறு விதமாக வந்து நின்றது: இறந்தவர் தூக்கக் கலக்கத்தில் ஓட்டினார், அவர் பக்கமும் பிழை உண்டு. இங்கே இறந்தவரின் பங்குப் பிழை எத்தனை வீதமோ, குடும்பத்தின் நட்டஈட்டில் அத்தனை வீதம் வெட்டுவார்கள். அந்த மொழிபெயர்ப்பை நினைத்து நான் இன்றைக்கும் சில இரவுகளில் எழும்பி உட்காருவதுண்டு.

ஆகவே அக்காவுக்குச் சொல்லுங்கள்: அத்தானின் சொந்த இன்சூரன்ஸ் கொம்பனி கேட்கும் நியாயமான தகவல்களைக் கொடுக்கத்தான் வேண்டும், அது பாலிசியில் உள்ள கடமை. மற்றப் பக்கத்து இன்சூரன்ஸுக்கு வாக்குமூலம் கொடுக்கும் கடமை அவருக்கு இல்லை. "என் லோயரோடு கதையுங்கள்" என்பது போதும். லோயரை இன்னும் அமர்த்தவில்லை என்றாலும் அதையே சொல்லலாம்.

இங்கே இரண்டு விதமான காசு இருக்கிறது. பலருக்கு இது விளங்காததால் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, பிழை யார் பக்கம் என்று பாராமல் சொந்த இன்சூரன்ஸ் தருவது. மனைவிக்கு 25,000 டொலர், அவரில் தங்கியிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 10,000, ஈமச்செலவுக்கு 6,000 வரை. இதற்கு விபத்தை ஏழு நாளுக்குள், முடியாவிட்டால் முடிந்த அளவு விரைவில், கொம்பனிக்கு அறிவித்து, அவர்கள் அனுப்பும் படிவத்தை 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிந்திவிட்டதென்றால் காரணத்தோடு கொடுங்கள், கொடுக்காமல் விடாதீர்கள். நீங்களும் ஒன்றைக் கவனியுங்கள்: 2026 ஜூலை 1 முதல் எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் பாலிசிகளில் இந்த மரணக் கொடுப்பனவும் ஈமச்செலவும் கட்டாயம் இல்லை, கேட்டு வாங்கினால்தான் உண்டு. மலிவு இன்சூரன்ஸ் தேடுகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, மலிவு எங்கேயிருந்து வருகிறது என்று ஒருதரம் பாருங்கள்.

இரண்டாவது, பிழை விட்ட ஓட்டுநர்மேல் போடும் வழக்கு. ஒன்ராறியோவின் குடும்பச் சட்டம் பிரிவு 61இன்படி மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தாய் தகப்பன், அம்மம்மா அப்பப்பா, கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் கேட்கலாம். நீங்கள் மனைவியின் தங்கை, உங்களுக்கு இதில் இடமில்லை. ஆனால் வவுனியாவில் இருக்கும் அத்தானின் அம்மாவுக்கு உண்டு, அத்தானுக்குச் சகோதரர்கள் இருந்தால் அவர்களுக்கும் உண்டு. கனடாவில் கால் வைத்திருக்கத் தேவையில்லை. எங்கள் ஃபைலில் தங்கை பெயரும் பிள்ளைகள் பெயரும் மட்டும்தான் இருந்தது. மச்சானின் அம்மாவும் கேட்டிருக்கலாம் என்று எங்களுக்குத் தெரிய வந்தபோது இரண்டு வருடக் கெடு தாண்டிவிட்டது. மாமி மகனைப் பறிகொடுத்து ஒரு சதம் வாங்காமலே போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கெடு இப்போதும் இரண்டு வருடம்தான். இறந்த தேதியைக் கலண்டரில் எழுதி அதிலிருந்து எண்ணுங்கள். வழக்குப் போடப்போகிறோம் என்று மற்றப் பக்கத்துக்கு 120 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பதும் ஒன்று இருக்கிறது. அதை லோயர் பார்த்துக்கொள்வார், பார்த்தாரா என்று நீங்கள் கேளுங்கள்.

இந்த வழக்கில் அழுகைக்கு விலை இல்லை. இழந்த பராமரிப்பு, வழிகாட்டல், துணை, அப்புறம் அவர் கொண்டுவந்த வருமானம், இவற்றுக்குத்தான் கணக்கு. ஆகவே எவ்வளவு கிடைக்கும் என்று யாரும் இப்போதே சொன்னால் நம்ப வேண்டாம். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் ஒரு வழக்கில், பிள்ளையை இழந்த பெற்றோருக்குத் தலா 100,000 டொலர்தான் மேல்மட்டம் என்றது. 2021இல் தீ விபத்தில் மகளை இழந்த தாய்க்கும் தகப்பனுக்கும் ஜூரி கொடுத்த தலா 250,000 டொலரை அதே நீதிமன்றம் சரி என்றது. அவர்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி இருந்தது. அத்தான் அம்மாவோடு கதைத்த வைபர் பதிவுகள், அனுப்பிய காசின் ரசீதுகள், எதையும் அழிக்க வேண்டாம்.

வருமானம் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள். நம் சனத்துக்கு 'கையில் காசு' வேலை என்றால் ஒரு ஆசை. வரி கட்டாமல் தப்பினோம் என்று ஒரு பெருமை வேறு. மச்சான் பகலில் ஒரு களஞ்சியசாலையில் வேலை, அதற்கு ஒழுங்காகச் சம்பளத் துண்டு இருந்தது. இரவில் செய்த கிளீனிங் வேலை முழுக்கக் கையில் காசு. வழக்கில் கணக்குப் பார்த்தது வரிக் கோப்பில் இருந்ததை மட்டும்தான். அவன் நித்திரை முழித்து உழைத்த பாதி வருமானம் சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை. அன்றைக்கே நான் கையில் காசு வேலை எல்லாவற்றையும் விட்டேன். இன்றுவரை ஒவ்வொரு சதத்துக்கும் வரி காட்டுகிறேன், நண்பர்கள் என்னைப் பைத்தியம் என்றாலும்.

பொலிஸ் பற்றிச் சுருக்கமாக. அவர்கள் போடும் வழக்கு வேறு, அக்கா போடுவது வேறு. கவனமின்றி ஓட்டி மரணம் விளைவித்ததற்கு 2018இல் இருந்து 50,000 டொலர் வரை தண்டமும் இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. ஆனால் அதை நடத்துவது அரசு. அந்த ஓட்டுநர்மேல் குற்றமே சாட்டாவிட்டாலும் அக்கா நட்டஈடு கேட்கலாம். நான்கு பேர் வந்து "பொலிஸே விட்டுட்டுது, இனி என்ன" என்பார்கள். காதில் போடாதீர்கள்.

இனி லோயர். எங்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர், ஊரில் பக்கத்துத் தெரு என்று சொல்லிக்கொண்டு, வெள்ளை உறையில் ஒரு படிவம் கொண்டுவந்தார். "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், வென்றால்தான் காசு" என்றார். மச்சானின் உடல் பக்கத்து அறையில் இருக்க, தங்கை கையெழுத்து வைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைத்ததாம். இப்போதும் இப்படி ஆள்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கார் இழுத்துப் போகிற ட்ரக்குக்காரன்கூட லோயர் கார்டு நீட்டுவான். லோயர் அல்லாத ஒருவருக்கு ஆள் அனுப்பியதற்குக் காசு கொடுப்பது, லோயர்களுக்கு அனுமதி கொடுக்கிற ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் விதிகளில் தடை. ஒரு லோயர் இன்னொரு லோயருக்குக் கொடுப்பதற்கும் 25,000 டொலர் என்று உச்சம் வைத்திருக்கிறார்கள்.

தமிழ் லோயர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அருமையான பிள்ளைகள் இப்போது வந்திருக்கிறார்கள். ஆனால் தமிழ் கதைப்பது ஒரு தகுதி அல்ல. மரண வழக்கு எத்தனை செய்தீர்கள், கோர்ட் வரை போனது எத்தனை என்று கேளுங்கள். சட்டச் சங்கத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். யாரையுமே தெரியாது என்றால் அதே சங்கத்தின் பரிந்துரைச் சேவை அரை மணி நேரம் இலவசமாகக் கதைக்க ஒருவரைத் தரும். வென்றால் இத்தனை வீதம் என்ற ஒப்பந்தத்துக்கு 2021 ஜூலையில் இருந்து ஒரே மாதிரியான படிவம் இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தமிழில் ஒருவர் வாசித்து விளக்கிய பிறகு கையெழுத்து வைக்கட்டும். அந்த ஒருவர் என்னைப்போல் ஐந்து வருட இங்கிலிஷ்காரனாக இருக்க வேண்டாம்.

பிள்ளைகளின் பங்கைப் பற்றி அக்காவுக்குப் பயமிருந்தால், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் இணக்கத் தொகைக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். வழக்கமாக அந்தக் காசு பதினெட்டு வயது வரை நீதிமன்றப் பொறுப்பில்தான் இருக்கும். சொந்தக்காரர் கடன் கேட்டு வரும்போது "கோர்ட்டில் இருக்கு" என்று சொல்ல நல்ல வசதி. வருவார்கள், என் தங்கையிடம் நாலு பேர் வந்தார்கள்.

அத்தான் இங்கே குறைந்தது மூன்று வருடம் வேலை செய்து கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குக் கட்டியிருந்தால் சேர்விஸ் கனடா என்ற அரசாங்க அலுவலகத்தில் கேளுங்கள். 2,500 டொலர் மரணக் கொடுப்பனவும், அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் ஒரு தொகையும் வர வாய்ப்புண்டு. இதற்கு லோயர் தேவையில்லை.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அக்காவிடம் கேளுங்கள், அத்தானின் கார் இப்போது எங்கே நிற்கிறது? ஏதாவது யார்டில்தான் நிற்கும். வாடகை நாளுக்கு நாள் ஏறுகிறது, எடுத்து நசுக்கட்டுமா என்று போன் வரும். வேகம், பிரேக் பிடித்த நேரம் எல்லாம் பதிகிற ஒரு பெட்டி இப்போதைய கார்களில் இருக்கிறது. கார் போனால் அதுவும் போய்விடும். காரை அப்படியே வைத்திருக்கும்படி லோயர் ஒரு கடிதம் எழுதினால் மறித்துவிடலாம். மச்சானின் கார் மூன்றாம் கிழமையே போய்விட்டது. நான்தான் போனில் "ஓகே, ஓகே" என்றேன். பின் இருக்கையில் சின்னவளின் பனிச் சப்பாத்து கிடந்தது என்று தங்கை பிறகு சொன்னாள். அக்காவிடம் கார்ச் சாவியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.