சைட்டா, ஆபீஸா? சிவில் முடித்த மகளின் முதல் வேலை

அம்மா, வணக்கம்.

மகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று ஒரகடம் பக்கம் அடுக்குமாடிக் கட்டடத்தில் சைட் இன்ஜினியர், இன்னொன்று அண்ணா நகரில் ஏசி அறையில் ஆட்டோகேட் மென்பொருளில் கட்டட வரைபடம் வரைகிற வேலை. இரண்டாவதுக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் சைட்டில் இருக்கட்டும். அதற்காக எந்த சைட்டுக்கும் அனுப்பலாம் என்று அர்த்தமில்லை.

சைட்டில் இரண்டு மூன்று வருடம் நின்றவர்கள் பில்லிங், பிளானிங், குவாலிட்டி என்று ஆபீஸ் பக்கம் வருவது சாதாரணமாக நடக்கிறது. ஏழெட்டு வருடம் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருந்துவிட்டு முப்பது வயதில் சைட்டுக்குப் போகிறவர்கள்தான் சிரமப்படுகிறார்கள். அந்த வயதில் எல்லாம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். மேஸ்திரியிடம் போய் "இது எதுக்கு அண்ணே?" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். இருபத்திரண்டு வயதில் கேட்டால் அவரே உட்கார வைத்துச் சொல்லித் தருவார்.

அங்கே அப்படி என்ன இருக்கிறது என்பீர்கள். தூணும் பீமும் சேருகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் 25 மி.மீ. கம்பிகள் நாலு பக்கமிருந்தும் வந்து கோடுகளாக அழகாகக் குறுக்கே ஓடும். நேரில் போனால் கம்பி கட்டுகிறவர், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கை நுழைக்க இடமில்லாமல் திணறிக்கொண்டிருப்பார். 20 மி.மீ. ஜல்லி அந்த இடுக்கில் இறங்காது, காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசியும் போகாது. பலகையைப் பிரித்தால் உள்ளே ஹனிகோம்ப், அதாவது காங்கிரீட் போய்ச் சேராத ஓட்டைகள். இதை ஒருமுறை பார்த்தவர், பிறகு டிசைன் ஆபீஸில் உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் எத்தனை கம்பி, என்ன தடிமன் என்று யோசித்துத்தான் போடுவார்.

தூணுக்கு 40 மி.மீ. கவர், அதாவது கம்பிக்கு வெளியே அவ்வளவு காங்கிரீட், வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்னும் காங்கிரீட் விதிநூல் சொல்வதை உங்கள் மகள் தேர்வில் எழுதியிருப்பாள். அந்த இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக் என்னும் சிறு கட்டையை வைக்காமல் கம்பி பலகையோடு ஒட்டி நிற்கிறது, வாசலில் காங்கிரீட் லாரி காத்திருக்கிறது, கான்ட்ராக்டர் அவசரப்படுத்துகிறார். அப்போது "வைத்துவிட்டுப் போடுங்கள்" என்று சொல்லும் தைரியத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத் தராது. அப்புறம், சென்னைப் பக்கத்து சைட்டுகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் நிறைய. ஆறு மாதத்தில் இந்தியும் ஓரளவு வந்துவிடும்.

கஷ்டம் இல்லையா? இருக்கிறது. தளம் போட ஆரம்பித்தால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, நடுராத்திரி ஆனாலும் முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஞாயிறு விடுமுறை பல இடங்களில் பேருக்குத்தான். கறுத்துப்போய்விடுவாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. ஹெல்மெட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளட்டும்.

ஆபீஸ் வேலை என்பதும் ஒரே வேலை அல்ல. கட்டடத்தின் பாரத்தைக் கணக்கிட்டு டிசைன் செய்வது வேறு, டிசைனர் கொடுத்ததை ஆட்டோகேடில் வரைவது வேறு. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது. அதிலேயே நின்றுவிட்டால் டிப்ளமோ முடித்தவர்களோடுதான் சம்பளத்தில் போட்டி போட வேண்டியிருக்கும். மகளுக்கு உண்மையிலேயே ஸ்ட்ரக்சுரல் டிசைன்தான் ஆசை என்றால் வழி வேறு: கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.இ. சேர வேண்டும். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், அதனால் இப்போதே எழுதி வைத்துவிட்டு ஒரு வருடம் சைட்டில் இருக்கவும் முடியும். டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசில் உதவிப் பொறியாளராகப் போனாலும் பாதி நாள் களத்தில்தான். மீதி நேரம் எஸ்டிமேட்டும், முடிந்த வேலையின் அளவுகளை எழுதும் எம்-புக்கும்.

இனி ஒரகடம் கம்பெனிக்குப் போன் செய்து மகளையே கேட்கச் சொல்லுங்கள். அவளை என்ன வேலையில் போடுவார்கள்? கம்பி சரிபார்ப்பது, லெவல் பார்ப்பது, காங்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க க்யூப் எடுப்பது என்றால் சரி. சிமென்ட் மூட்டை எண்ணுவதும் ஆள் கணக்கு எழுதுவதும் மட்டும்தான் என்றால் வேண்டாம், அதற்கு அண்ணா நகரே மேல். சைட்டில் வேறு பெண் இன்ஜினியர்கள் இருக்கிறார்களா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, இரவு காங்கிரீட் முடிந்தால் வண்டியில் கொண்டு விடுவார்களா என்பதையும் கேட்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அதில் யார் யார் என்று கேட்டால் தடுமாறாமல் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு நகல் கொடுத்தால் போதும். ஆபர் லெட்டரில் வேலை இடம் ஒரகடம் என்று எழுதியிருக்கிறதா, "இந்தியாவில் எங்கும்" என்று எழுதியிருக்கிறதா என்பதையும் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள். இரண்டாவதாக இருந்தால், முதல் வருடமாவது ஒரகடத்தில்தான் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.