நாலரைக் கோடி போதுமா?

மதிப்புக்குரிய ஐயா,

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். வயது 31. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் மூன்று ஆண்டுகள் தாதியாக இருந்துவிட்டு, இப்போது சவூதியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். வருகிற தை மாதம் அங்கே நான்கு ஆண்டுகள் நிறைகின்றன. என்னோடு படித்த தோழி ஒருத்தி அமெரிக்காவில் 13 வாரத்துக்கு ஓர் ஊர் என்று ஒப்பந்தத் தாதியாகப் போய்வருகிறாள். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்ற கணக்கை அவள்தான் சொல்லித்தந்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாவில் வாழலாம் என்று வைத்துக்கொண்டால் எனக்கு நாலரைக் கோடி தேவை. சம்பளம் 6,000 ரியால். தங்குமிடம் இலவசம் என்பதால் பெரும்பகுதி மிஞ்சுகிறது. 42 வயதில் அந்தத் தொகையைத் தொட்டுவிடுவேன். இந்தக் கணக்கு சரியா? இன்னொரு வைத்தியசாலை மாதம் 800 ரியால் கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறது. உடனே மாறலாமா?

பெயரைத் தவிர்க்கும்படி கேட்ட வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கூட்டல் பெருக்கலில் பிழையில்லை. அந்த 25 எங்கே பிறந்தது என்பதைப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். 1926 முதலான அமெரிக்கப் பங்குகளினதும் கடன் பத்திரங்களினதும் வருவாயை வைத்து, ஓய்வுபெற்ற ஒருவர் முதலாண்டில் தமது சேமிப்பில் 4 சதவீதத்தை எடுத்து, அதன் பின் விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகளுக்குக் காசு தீராது என்று அதில் காட்டினார். அந்த 4 சதவீதத்தைத் திருப்பிப் போட்டதுதான் (நூறை நாலால் வகுத்தால் 25) உங்கள் 25 மடங்கு. அது அறுபதை ஒட்டி ஓய்வுபெற்று, டொலரில் சேமித்து, டொலரில் செலவழிப்பவருக்கான கணக்கு. நீங்களோ 42இல் நிறுத்திவிட்டு, 85 வரை இருந்தாலே 43 ஆண்டுகளை, ரூபாவில், வெள்ளவத்தையில் வாழப் பார்க்கிறீர்கள்.

ரூபாவில் வாழ்வது என்றால் என்ன என்பதை 2022 நமக்குக் காட்டியது. நீங்கள் அந்த ஆண்டு ரியாலில் சம்பளம் வாங்கியிருக்கலாம். ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்ற விகிதம் 1986இலிருந்து மாறாததால், இங்கே டொலர் ஏறியபோது உங்கள் சம்பளமும் கூடவே ஏறியிருக்கும். நான் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்று, சேமிப்பு முழுவதையும் ரூபாவில் நிலையான வைப்பாகப் போட்டிருந்தவன். 2022 செப்டெம்பரில் கொழும்பின் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டின் கடைசியில் வங்கிகள் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தபோது தப்பித்தோம் என்று நினைத்தோம். 2024இல் வைப்பைப் புதுப்பிக்கப் போனபோது வட்டி ஒற்றை இலக்கத்தில் நின்றது, ஏறிய விலைகளோ பெரும்பாலும் இறங்கவேயில்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் ஏடுகளைச் சரிபார்த்தவன் என் சொந்த ஏட்டில் இந்த வரியைத் தவறவிட்டேன்.

2021இன் தொடக்கத்தில் ஒருவர் உங்கள் நாலரைக் கோடியோடு ஓய்வுபெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 2023 இறுதிக்குள் கொழும்பில் விலைகள் 80 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டன. அதே வாழ்க்கைக்கு, அதே 25 மடங்குக் கணக்கில், அவருக்கு எட்டுக் கோடிக்கு மேல் வேண்டியிருக்கும். அவர் அந்தப் பணத்தை ஒரு டொலர் 200 ரூபா என்ற விலையில் டொலராக, அதாவது 2,25,000 டொலராக வைத்திருந்தால், அது 2023 இறுதியில் ஏழு கோடிக்குச் சற்று மேலே வந்திருக்கும். குறைவுதான், ஆனாலும் நாலரையில் நின்றவரின் நிலைக்கு அது எவ்வளவோ மேல். ஆகவே இலக்கை ரூபாவில் எழுதாதீர்கள். சம்பளத்தில் மிஞ்சுவதை வெளிநாட்டு நாணயக் கணக்கிலேயே (நம்மவர்கள் இன்னும் என்.ஆர்.எஃப்.சி. என்றே சொல்வது) வைத்து, வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். அரை சதவீத வட்டி கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஏதாவது நிதி நிறுவனத்தில் மொத்தத்தையும் ரூபாவாகப் போடவும் வேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான்.

உங்கள் தோழியின் வாழ்க்கையை அப்படியே பின்பற்றுவது கடினம். அவளுடைய வருமானம் பெரிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம், வேலைக்குப் போகும் ஊரில் தங்கவும் சாப்பிடவும் தரும் படிப்பணத்துக்கு, நிரந்தர வீடு ஒன்றை வேறிடத்தில் செலவு செய்து வைத்திருப்பவரிடம் வரி எடுப்பதில்லை என்பது. வரி விழாத அந்தப் பகுதி அவளுடைய முதுமைக்கால அரச ஓய்வூதியக் கணக்கிலும் சேராது. உங்களுக்கு வளைகுடாவில் வரியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. கடைசியில் கிடைக்கும் பணிக்கொடை ஒன்றுதான். அதற்குக் கீழே வருகிறேன்.

கடிதத்தில் ஒரு வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. அம்மாவுக்கும் வீட்டாருக்கும் அனுப்பும் பணம் எதில் அடங்குகிறது? வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளையின் சம்பளத்தில் தம்பியின் படிப்பும், தங்கையின் கலியாணமும், மாமாவின் சத்திரசிகிச்சையும் பங்கு கேட்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உழைப்பை நிறுத்தினாலும் இந்தக் கேள்விகள் நிற்பதில்லை, காசுக்குப் பதிலாக நேரத்தைக் கேட்கத் தொடங்கும். வேலையில்லாமல் வீட்டோடு இருக்கும் மகள், அதிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பழகிய தாதி, உறவுக்குள் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் இரவு நிற்க முதலில் கூப்பிடப்படுபவள் ஆவாள். சம்பளமில்லாத அந்த இரவு வேலைக்கு ஒப்பந்தமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது. இதை நான் பகிடியாக எழுதவில்லை. எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன்.

எனவே 42இல் முழுதாக நிறுத்துவதைக் காட்டிலும், 38 அளவில் பாதியாகக் குறைப்பதையே நான் விரும்புவேன். 43 ஆண்டுகளுக்கு 4 சதவீதம் அதிகம் என்று எண்ணி 3 சதவீதம் மட்டும் எடுப்பதாக வைத்தால், ஆண்டுக்கு 18 இலட்சத்துக்கு இன்றைய விலையில் ஆறு கோடி வேண்டும். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஒப்பந்தத்தில் போய் அதில் 9 இலட்சத்தை உழைத்துவிட்டால் மூன்று கோடி போதும், அதை 42க்கு வெகு முன்பே தொட்டுவிடுவீர்கள். ஆனால் உரிமத்தைக் காலாவதியாக விடக்கூடாது. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பினால் புதிதாகப் பயிற்சிச் சான்று கேட்கும் இடங்கள் வளைகுடாவில் உண்டு. டேட்டாஃப்ளோ (சான்றிதழ்ச் சரிபார்ப்பு), புரோமெட்ரிக் (உரிமத்துக்கான கணினிப் பரீட்சை) என்று மறுபடியும் முதலிலிருந்து அலையவேண்டி வரும். கொழும்பில் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளின் ஊழியர் சேமலாப நிதி உங்களுக்கு 50 வயதில் கைக்கு வரும். சிறிய தொகைதான், கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

இனி அந்த 800 ரியால். சவூதித் தொழிற் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளமும், அதன் பின் ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையாகச் சேரும். ஒப்பந்தம் முடிந்து வெளியேறினால் உங்கள் நான்கு ஆண்டுகளுக்கு 12,000 ரியால் முழுதாகக் கிடைக்கும். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் நீங்களாக விலகினால் அதில் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது சுமார் 4,000. போதாததற்கு, காலம் குறித்த ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்காக அவர்கள் நட்டஈடும் கேட்கலாம். மறுபக்கம், அதே இடத்தில் தொடர்ந்தால் ஆறாம் ஆண்டிலிருந்து கூடுதலாகச் சேர்வது ஆண்டுக்கு 3,000 ரியால். புதிய இடம் தரும் கூடுதலோ ஆண்டுக்கு 9,600. ஆகவே மாறுவதே இலாபம், அங்கேயும் தங்குமிடம் இலவசம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். எழுதியிருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள்; இராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதாதீர்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்ற அறிவித்தலை உரிய காலத்தில் கொடுத்துவிட்டுத் தை மாதம்வரை இருங்கள்.