ஆன் ஹுயின் முத்திரை

வணக்கம் ஐயா,

ஹாங்காங் பெண் இயக்குநர் ஆன் ஹுய் இயக்கிய 'எ சிம்பிள் லைஃப்' பார்த்துவிட்டு அதிலிருந்து மீளவே முடியவில்லை. அவருடைய மற்ற படங்களையும் தேடிப் பார்த்தேன். 'போட் பீப்பிள்' பதற வைக்கும் அரசியல் படம். 'தி ஸ்பூக்கி பன்ச்' பேய் நகைச்சுவை. எல்லாம் ஒரே ஆள் எடுத்ததுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு ஹாங்காங் இயக்குநரான வோங் கார்வாய் படமென்றால் ஒரு ஃப்ரேமிலேயே தெரிந்துவிடும். இவரிடம் அப்படி எதுவும் இல்லையே. தனி முத்திரை இல்லாதவருக்கு 2020இல் வெனிஸ் திரைப்பட விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கொடுத்தது சரிதானா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

சரிதான் என்றே நினைக்கிறேன். இன்னும் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

ஃப்ரேமில் தேடினால் அவருடைய முத்திரை அகப்படாது. அவர் யார் பக்கத்தில் போய் நிற்கிறார் என்று பாருங்கள். படத்துக்குப் படம் அது ஒரே ஆள்தான்: தன்னுடையது அல்லாத இடத்தில் வாழ நேர்ந்த ஒருவர்.

1947இல் சீனாவின் அன்ஷான் நகரில் பிறந்தவர் ஆன் ஹுய். சிறுவயதிலேயே மக்காவ், பிறகு ஹாங்காங். அப்பா சீனர், அம்மா ஜப்பானியர். அம்மா ஜப்பானியர் என்பதே வளர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த படம் 'சாங் ஆஃப் தி எக்ஸைல்' (1990). மாமனார் மாமியார் வீட்டில் பேச்சுத்துணையின்றி ஒடுங்கிக்கிடக்கும் அம்மா. தாத்தா பாட்டி பக்கம் சாய்ந்து அவரை வெறுக்கும் மகள். பல வருடம் கழித்து இருவரும் ஜப்பானில் உள்ள பெப்புவுக்குப் போகிறார்கள். அங்கே அம்மா வாய் ஓயாமல் பேசுகிறார், மொழி தெரியாத மகள் வாயடைத்துப்போகிறாள். ஒரு தோட்டத்தில் தக்காளியைப் பறித்துக் கடிக்கிறாள். தோட்டக்காரர் கத்திக்கொண்டே ஓடி வருகிறார். திருடியதற்காக அடிக்க வருகிறார் என்று பயந்து ஓடுகிறாள். பூச்சிமருந்து அடித்த தக்காளி, தின்னாதே என்பதைத்தான் அவர் கத்திக்கொண்டிருந்தார். அம்மா அத்தனை வருடம் எப்படி வாழ்ந்திருப்பார் என்பது மகளுக்கும் நமக்கும் அந்த இடத்தில் உறைக்கிறது. யாரும் ஒரு வசனம் பேசி விளக்குவதில்லை.

இந்தப் பார்வைக்குப் பயிற்சிக்களமாக இருந்தது தொலைக்காட்சி. லண்டனில் திரைப்படம் படித்துவிட்டு 1975இல் திரும்பியவர், இயக்குநர் கிங் ஹூவிடம் சிறிது காலம் உதவியாளராக இருந்தார். பிறகு தொலைக்காட்சிக்குப் போய் ஹாங்காங்கின் நிஜத் தெருக்களில் கேமராவை வைத்தார். 1978இல் வியட்நாம் அகதிச் சிறுவனைப் பற்றி ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார். அப்போது அகதிகளிடம் கேட்ட கதைகள்தான் 'போட் பீப்பிள்' (1982) ஆயின. அந்தப் படம் பட்ட பாடு கொஞ்சமல்ல. சீனாவின் ஹைனான் தீவில் எடுத்ததற்காகத் தைவானில் தடை. வியட்நாமுடன் உறவு கெடும் என்று பிரெஞ்சு அரசு தயங்கியதால் கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியேதான் காட்டப்பட்டது. இத்தனைக்கும் படத்தின் உயிர் பசித்த குழந்தைகளிடம் இருக்கிறது.

எல்லாப் படமும் அவருக்குக் கைகூடியதாகச் சொல்லமாட்டேன். சீன எழுத்தாளர் ஷியாவ் ஹோங்கைப் பற்றிய 'தி கோல்டன் எரா' (2014) மூன்று மணி நேரம் ஓடியும் எனக்கு ஒட்டவில்லை. பாத்திரங்கள் கேமராவைப் பார்த்துத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், ஷியாவ் ஹோங் விலகிப்போய்விடுகிறார். அதற்கும் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. அதே விருதை மொத்தம் ஆறு முறை வாங்கியவர் அவர்.

அப்படிப்பட்டவரே பணத்துக்கு அலைந்தார் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 'எ சிம்பிள் லைஃப்' (2011) எடுக்கப் பணம் இல்லாமல் ஹாங்காங் நட்சத்திர நடிகர் ஆண்டி லாவிடம் போய் நின்றார். அவர் முதலீடும் செய்து நடிக்கவும் செய்தார். அந்த ஆண்டி லாவுக்கு ஆரம்பகாலத்தில் முக்கியமான வேடம் கொடுத்த படம் 'போட் பீப்பிள்'. வீட்டு வேலைக்காரி ஆ தாவோவாக நடித்த டீனி யிப்புக்கு வெனிஸில் சிறந்த நடிகை விருது கிடைத்ததை நீங்களே அறிவீர்கள்.

அடுத்து 'தி வே வி ஆர்' (2008) பாருங்கள். டின் ஷுய் வாய் என்ற புறநகர்க் குடியிருப்பு. குடும்பக் கொலைகளால் 'சோக நகரம்' என்று பத்திரிகைகள் பேர் வைத்த இடம். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் டுரியன் பழம் வெட்டும் ஒரு விதவை, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் அவர் மகன், தனியாக வாழும் ஒரு பாட்டி. பாட்டி ஒரு ஆளுக்கு மட்டும் கொஞ்சமாக மாட்டிறைச்சி வாங்கி, வதக்கி, உட்கார்ந்து சாப்பிடுகிறார். வேறெதுவும் நடப்பதில்லை, கேமராவும் அவசரப்படுவதில்லை. தம்பிகளைப் படிக்கவைக்க அந்த விதவை இளவயதிலேயே வேலைக்குப் போனவர். தம்பிகள் இப்போது வசதியாக இருக்கிறார்கள். இதை வைத்து ஒரு அழுகைக் காட்சி எடுத்திருக்கலாம், ஆன் ஹுய் எடுக்கவில்லை. அந்த ஊரின் கொலைச் செய்தியை வைத்து அடுத்த ஆண்டு 'நைட் அண்ட் ஃபாக்' என்று இன்னொரு படமும் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பார்த்த பிறகும் முத்திரை இல்லை என்றே தோன்றினால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.