லா ஸ்கூலுக்கு முன் 'லீகல் ஸ்டடீஸ்' மைனர் எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். என் மகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பட்டம் முடித்ததும் லா ஸ்கூல் போக வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக 'லீகல் ஸ்டடீஸ்' மைனரும் (துணைப் பாடத்தொகுப்பு) எடுக்கப்போகிறானாம், ஆறு பாடங்கள். இது அட்மிஷனுக்கு உதவுமா? அங்கே போனபின் சில பாடங்களில் விலக்கு கிடைக்குமா? இல்லை, வீண் சுமையா?

பதில்: விலக்கு கிடைக்காது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்கன் பார் அசோசியேஷனின் விதிப்படி ஜேடி என்ற சட்டப் பட்டத்துக்குக் குறைந்தது 83 கிரெடிட் (பாட அலகு) வேண்டும். இளங்கலை வகுப்பில் படித்தது அதில் சேராது. உங்கள் மகன் ஒப்பந்தச் சட்டத்தில் 'ஏ' வாங்கியிருந்தாலும், முதலாண்டில் கான்ட்ராக்ட்ஸ் (ஒப்பந்தம்), டார்ட்ஸ் (பிறருக்கு நேரும் தீங்குக்கான பொறுப்பு), சிவில் ப்ரொசீஜர் (உரிமையியல் வழக்கு நடைமுறை) எல்லாவற்றையும் மற்றவர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாக வேண்டும்.

அட்மிஷனில் மைனரின் பெயருக்கென்று தனி மதிப்பும் இல்லை. இந்த மேஜர் (முதன்மைப் பாடம்) எடு, இந்தப் பாடம் படி என்று பார் அசோசியேஷனே பரிந்துரைப்பதில்லை. இசை படித்தவரும் போகிறார், இன்ஜினியரிங் படித்தவரும் போகிறார். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே நடத்தும் நம் ஊர்ப் பள்ளிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, 'இப்போதே சட்டம் படித்தால் அப்புறம் சுலபம்' என்று தோன்றுவது இயல்பு. இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

செல்லுகிற கணக்கு ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி. அதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பல்கலைக்கழகம் காட்டும் ஜிபிஏவும் லா ஸ்கூல் பார்க்கும் ஜிபிஏவும் வேறு. விண்ணப்பங்களைக் கையாளும் எல்எஸ்ஏசி என்ற அமைப்பு, முதல் பட்டம் வாங்கும்வரை எடுத்த எல்லாக் கல்லூரி கிரேடுகளையும் வாங்கித் தன் அளவுகோலில் மறுபடி கூட்டும். அதில் 'ஏ பிளஸ்' 4.33. 'ஏ' 4.00. 'பி பிளஸ்' 3.33. ஹைஸ்கூலில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த கிரெடிட்டும் இதில் வரும். ஒரு பாடத்தில் 'சி' வாங்கி, திரும்பப் படித்து 'ஏ' வாங்கினால் பல்கலைக்கழகம் பழையதை மன்னித்துவிடலாம். எல்எஸ்ஏசி பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே கூட்டும்.

இப்போது மைனரை இதில் வைத்துப் பாருங்கள். உங்கள் மகன் 90 கிரெடிட் முடித்து 3.80 வைத்திருக்கிறான் என்று கொள்வோம். ஆறு பாடம் என்றால் 18 கிரெடிட். எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினால் 3.83 ஆகும். எல்லாவற்றிலும் 'பி பிளஸ்' வாங்கினால் 3.72. ஒவ்வொரு லா ஸ்கூலும் தான் சேர்த்த மாணவர்களின் ஜிபிஏ இடைநிலையை வருடாவருடம் '509 ரிப்போர்ட்' என்ற பெயரில் வெளியிட்டாக வேண்டும். இரண்டு மூன்று கல்லூரிகளின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், 0.11 என்ற வித்தியாசம் ஒரு மாணவரை இடைநிலைக்கு மேலிருந்து கீழே தள்ளிவிடுவது தெரியும். ஸ்காலர்ஷிப்பும் பெரும்பாலும் இந்த ஜிபிஏவையும் எல்சாட் என்ற லா ஸ்கூல் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் ஒட்டித்தான் வரும். ஆக, விருப்பமில்லாமல் பெயருக்காக எடுக்கும் மைனர், பணத்திலும் அடிக்கும்.

சரி, அப்படியானால் வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். மைனருக்குள் என்ன பாடங்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரே 'லீகல் ஸ்டடீஸ்' தலைப்பின் கீழ் தரம் மிகவும் மாறுபடும்.

பிசினஸ் டிபார்ட்மென்ட் நடத்தும் 'பிசினஸ் லா' பல இடங்களில் வரையறைகளை மனப்பாடம் செய்து கொள்குறி வினாவுக்கு டிக் அடிக்கும் பாடம். வியாபாரம் செய்யப்போகிறவருக்குப் பயன்படும். லா ஸ்கூலுக்குப் போகிறவருக்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. பாராலீகல் (வழக்கறிஞரின் உதவியாளர்) பயிற்சி சார்ந்த பாடங்கள் ஒரு வேலைக்குத் தயார்செய்பவை, நோக்கமே வேறு. பொலிட்டிகல் சயின்ஸ் பேராசிரியர் தீர்ப்புகளையே படிக்கக் கொடுத்து நடத்தும் அரசியலமைப்புச் சட்ட வகுப்பு நல்ல தேர்வு. அதைவிட நல்லது, பலர் கண்டுகொள்ளாத ஒன்று: தத்துவத் துறையின் லாஜிக் வகுப்பு. எல்சாட் தேர்விலிருந்து 'லாஜிக் கேம்ஸ்' என்ற புதிர்ப் பகுதியை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்கம், ஒன்று வாசிப்பு. ஒரு வாதத்தில் சொல்லாமல் விட்ட அனுமானம் எது, முடிவு எங்கே நழுவுகிறது என்று பிடிக்கும் பழக்கம் அங்கே நேரடியாகக் கைகொடுக்கும்.

ஒரு வகுப்பு நல்லதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1928இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பால்ஸ்கிராஃப் வழக்கு லா ஸ்கூல் முதலாண்டில் அநேகமாக எல்லோரும் படிப்பது. கிளம்பிவிட்ட ரயிலில் ஒருவர் ஓடி ஏறுகிறார். ரயில்வே ஊழியர் ஒருவர் உள்ளிருந்து கைகொடுத்து இழுக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார். அவர் கையிலிருந்த செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் விழுந்து வெடிக்கிறது, உள்ளே பட்டாசு. அந்த அதிர்ச்சியில் பிளாட்பாரத்தின் மறுகோடியிலிருந்த எடை இயந்திரம் சாய்ந்து, அங்கே நின்ற பால்ஸ்கிராஃப் என்ற பெண்மணிக்கு அடிபடுகிறது. ரயில்வே பொறுப்பில்லை என்று நீதிபதி கார்டோசோ எழுத, தீர்ப்பு 4-3 என்று முடிந்தது.

இளங்கலை வகுப்பு இதைக் கதையாகச் சொல்லி, 'எதிர்பார்க்க முடியாத ஆபத்துக்குப் பொறுப்பில்லை' என்று ஒரு வரி எழுதவைத்தால் அது பொது அறிவு. 'பொட்டலத்தின் மேல் பட்டாசு என்று எழுதியிருந்தால்? அடிபட்டவர் பக்கத்திலேயே நின்றிருந்தால்? எதிர்த்து எழுதிய நீதிபதி ஆண்ட்ரூஸ் பொறுப்பை எங்கே நிறுத்துகிறார்?' என்று கேட்டு, மூன்று பக்கம் எழுதச் சொல்லி, சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தால் அந்த வகுப்பை விடக்கூடாது. லா ஸ்கூலில் பல பாடங்களுக்கு செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு பரீட்சைதான், அதுவும் இந்த மாதிரி கேள்விகளைத்தான் கேட்கும். பழைய செமஸ்டர் சிலபஸ் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும்; எத்தனை கட்டுரை, எத்தனை கொள்குறி வினா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மைனரால் வரும் இன்னொரு லாபம், என் பார்வையில் பெரிய லாபம், ஆசிரியர்கள். விண்ணப்பத்துக்குப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். முன்னூறு பேர் உட்காரும் பொருளாதார வகுப்பில் உங்கள் பையனின் முகம் யாருக்குத் தெரியும்? பதினைந்து பேர் இருக்கும் செமினாரில் இரண்டு செமஸ்டர் ஒரே ஆசிரியரிடம் படித்தால், 'இவன் கட்டுரையை மூன்று முறை திருத்தினான், மூன்றாவது முறை என் கருத்தையே மறுத்தான்' என்று எழுத அவரிடம் விஷயம் இருக்கும். இதற்கு மைனரைப் பதிவு செய்யவே வேண்டியதில்லை. அந்த இரண்டு மூன்று பாடங்களை மட்டும் விருப்பப் பாடமாக எடுத்தால் போதும். பொருளாதாரத் துறையிலேயே 'லா அண்ட் எகனாமிக்ஸ்' இருந்தால் இன்னும் நல்லது, மேஜர் கணக்கிலேயே சேரும்.

காலக்கணக்கை மறந்துவிடாதீர்கள். பட்டம் முடித்த கையோடு லா ஸ்கூல் என்றால், நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போக வேண்டும். அப்போது கணக்கில் இருப்பது மூன்றாம் ஆண்டு வரையிலான கிரேடுகள். மைனரை மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் பாதிப் பாடங்கள் விண்ணப்பம் போனபிறகுதான் முடியும். எல்சாட்டுக்குப் படிப்பதும் அதே மூன்றாம் ஆண்டு இறுதியில், கோடையில் வந்து நிற்கும். ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணமிருந்தால் (நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள்) இந்த நெருக்கடி இல்லை.

அறிவியல், கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. சட்டத்துக்காக அந்த மேஜரை விடச் சொல்லாதீர்கள். பேட்டன்ட் (காப்புரிமை) அலுவலகத்தில் ஆஜராக எழுதும் தனித் தேர்வுக்கு, பொதுவாக அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு வேண்டும். பின்னால் நினைத்தாலும் அந்தத் தகுதியைச் சேர்ப்பது கஷ்டம்.

உங்கள் மகனுக்கு நான் சொல்வது: இந்த செமஸ்டரில் அந்த மைனரிலிருந்து ஒரே ஒரு பாடம், அதுவும் எழுத்து வேலை அதிகமுள்ளது, எடுத்துப் பார்க்கட்டும். பிடித்து, கிரேடும் நன்றாக வந்தால் மைனர் படிவத்தை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் கல்லூரியின் ப்ரீ-லா ஆலோசகரைப் பார்த்து, மேஜருக்கும் மைனருக்கும் பொதுவாக எத்தனை பாடங்களைக் கணக்குக் காட்டலாம் என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பாடத்துக்கு அனுமதி இருந்தாலே ஆறு நான்காகிவிடும்.